நலப் பொறுப்பாளரை அமர்த்திய பிறகு மன்றம் செய்ய வேண்டியவை

மன்றச் செயலாளராக நீங்கள் கேட்டிருப்பது ஒரு பயிற்சி வகுப்பைப் பற்றி. உங்கள் மன்றத்தில் ஏறக்குறைய 70 பிள்ளைகள் மாலை வேளையில் காற்பந்தும் வார இறுதியில் சிலம்பமும் பழகுகிறார்கள். பெற்றோர் சிலர் வற்புறுத்தியதால், கிளினிக்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அக்காவைச் சென்ற ஆண்டுக் கூட்டத்தில் பிள்ளைகள் நலப் பொறுப்பாளராக அமர்த்தினீர்கள். எட்டே மாதத்தில் அவர் "எனக்கு இது வேண்டாம் தம்பி, வேறு யாரையாவது பாருங்கள்" என்கிறார். எந்த வகுப்புக்கு அனுப்பினால் அவருக்குத் தைரியம் வரும் என்கிறீர்கள். ஆனால் நடுவில், போகிற போக்கில், ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: பயிற்றுநர் ஒருவரைப் பற்றி ஒரு தாய் அந்த அக்காவிடம் ஏதோ சொன்னார், அவர் அதைத் தலைவரிடம் கொண்டுபோனார், தலைவர் "பார்த்துக்கொள்ளலாம்" என்றார், அதன் பிறகு பேச்சில்லை. உங்கள் உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அவர் விலக நினைப்பது பயிற்சி போதாததால் அல்ல; சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத் தனியாக நின்றதால். ஆகவே எந்த வகுப்பு என்பதைப் பிறகு சொல்கிறேன். ஒரு தொண்டூழியரை இந்தப் பொறுப்பில் உட்கார வைத்த மன்றம் அவருக்கு என்ன கடன்பட்டிருக்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இடைநிலைப்பள்ளி ஆலோசக ஆசிரியராக 26 ஆண்டுகள் இருந்தவள். ஓய்வுக்குப் பிறகு அக்கம்பக்கத்துக் காற்பந்து, சிலம்ப மன்றங்கள் சிலவற்றுக்கு இந்த விஷயத்தில் துணையாக இருந்து வருகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. சட்டம் பற்றி இங்கே எழுதுவது, பள்ளியில் இருந்தபோது நான் தெரிந்து வைத்திருக்க வேண்டியிருந்த அளவுதான். ஒரு குறிப்பிட்ட வழக்கு என்று வந்துவிட்டால் சமூக நல இலாகாவின் மாவட்ட அலுவலகமும் போலீசும் சொல்வதே முடிவு.

விளையாட்டு மன்றத்துக்கென்று ஒரு நலப் பொறுப்பாளர் என்ற ஏற்பாடு இங்கிலாந்தில் பெரிதாக வளர்ந்தது. அங்கே 2001இல் விளையாட்டில் பிள்ளைகள் பாதுகாப்புக்கென்றே ஒரு தனிப் பிரிவைத் தொடங்கினார்கள். காற்பந்து மன்றங்களில் நலப் பொறுப்பாளர்கள் வந்தார்கள். 2016இல் ஆண்டி வூட்வர்ட் என்ற முன்னாள் ஆட்டக்காரர், சிறுவயதில் பயிற்றுநரால் தமக்கு நேர்ந்ததைப் பெயர் சொல்லி வெளியே பேசியதும், அவரைப் போல் எத்தனையோ பேர் பேசத் தொடங்கினார்கள். அதை ஆராய்ந்த அறிக்கை 2021இல் வந்தது. அடுத்த ஆண்டு, சீருடற்பயிற்சி (ஜிம்னாஸ்டிக்ஸ்) விளையாட்டைப் பற்றி வைட் அம்மையார் தலைமையில் இன்னோர் அறிக்கை வந்தது. அதற்குப் பிறகு அங்கே செய்த ஒரு காரியம்தான் உங்களுக்கு முக்கியம்: ஒவ்வொரு வட்டாரத்திலும் சம்பளம் பெறும் நல அதிகாரிகளை வைத்தார்கள். அவர்களுடைய வேலை மன்றங்களுக்குள் புகுந்து விசாரிப்பது அல்ல, மன்றங்களில் இருக்கும் தொண்டூழியர்களுக்குத் துணை நிற்பது. அத்தனை பணமும் அமைப்பும் உள்ள நாட்டிலேயே, தொண்டூழியரை அமர்த்தினால் மட்டும் போதாது என்று புரிய இருபது ஆண்டுகள் ஆயின. நம்மிடம் அப்படி ஒரு வட்டார அதிகாரி இல்லை. அந்த இடத்தை மன்றமேதான் நிரப்ப வேண்டும்.

நம் ஊரில் அது ஏன் கூடுதலாகக் கடினம் என்பதைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் (எஸ்டேட்டில்) வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: காலைப் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பு முதல் இரவுத் திருவிழா வரை எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஓர் உறவுமுறை. லயத்து வீடுகளை விட்டுத் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதிக்கும் அடுக்குமாடிக்கும் வந்து ஒரு தலைமுறை ஆன பிறகும் அந்தக் கட்டு அவிழவில்லை. பயிற்றுநர் என்பவர் யாரோ அல்லர். அவர் பொருளாளரின் மைத்துனர், அல்லது கோயில் தலைவரின் மகன், அல்லது பொறுப்பாளரின் மகனோடு ஒரே வகுப்பில் படித்தவர். மேலும் அவர் பெரும்பாலும் நல்லவர் என்று பெயர் எடுத்தவர். சொந்தக் காசில் பந்து வாங்குகிறார், அப்பா இல்லாத பையனுக்குப் பள்ளிக் காலணி வாங்கித் தருகிறார். தாய் பினாங்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை, தகப்பன் சிங்கப்பூரில், பிள்ளை பாட்டியிடம் என்றிருக்கும் வீடுகளில் அவர் ஒரு தகப்பன் இடத்தில் இருக்கிறார். பெரும்பாலும் அது உண்மையான அன்பு. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தவறு செய்பவரும் வெளியிலிருந்து பார்க்க இதே போலத்தான் தெரிவார். இரண்டையும் முகத்தைப் பார்த்துப் பிரிக்க நம்மில் யாராலும் முடியாது. அதனால்தான் ஆளை எடைபோடாமல் எல்லார்க்கும் பொதுவான ஒழுங்குமுறையை வைக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, தோட்டத்து வழக்கம். சண்டை என்றால் வேலையாட்களின் மேற்பார்வையாளரான தண்டல் பேசி முடிப்பார், அதற்கும் அடங்காவிட்டால் தோட்ட அலுவலகத்துக் கிராணி, அதற்கு மேல் கோயில் செயலவை. வெளியே போவது வீட்டுக்கும் தோட்டத்துக்கும் அவமானம். எல்லைத் தகராறுக்கும் குடிச் சண்டைக்கும் அது நல்ல வழியாகவே இருந்தது. ஆனால் ஒரு பிள்ளையின் உடம்பு சம்பந்தப்பட்ட விஷயத்தில் அந்த வழக்கம் செய்வதெல்லாம், பெரியவர்கள் நால்வர் உட்கார்ந்து பிள்ளையின் சார்பில் மன்னித்துவிடுவது. உங்கள் தலைவர் "பார்த்துக்கொள்ளலாம்" என்றபோது கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருக்க மாட்டார். தம் தகப்பனார் காலத்தில் கற்ற பதிலைச் சொல்லியிருப்பார்.

இப்போது உறுதியாகத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன். 2017ஆம் ஆண்டின் சிறாருக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம், அதாவது சட்டம் 792, 18 வயதுக்குட்பட்ட எல்லாரையும் சிறார் என்று கொள்கிறது. தொடுவது மட்டும்தான் குற்றம் என்பதில்லை; பாலியல் நோக்கத்தோடு பேசுவது, செய்தி அனுப்புவது, நம்பிக்கையை வளர்த்துத் தன்வசப்படுத்துவது எல்லாம் அதில் அடங்கும். பிள்ளையின் நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர் அந்தக் குற்றத்தைச் செய்தால் தண்டனை கூடும். அந்தப் பட்டியலில் ஆசிரியரோடு பயிற்றுநரும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறார். இந்தச் சட்டத்தின்படி ஒரு குற்றம் நடந்ததை, அல்லது நடக்கவிருப்பதை அறிந்தும் போலீசுக்குத் தகவல் தராத எவருக்கும் 5,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. எவருக்கும் என்றால் சம்பளம் வாங்குபவர், வாங்காதவர் என்ற வேறுபாடு இல்லை. தலைவருக்கும் உண்டு, செயலாளராகிய உங்களுக்கும் உண்டு. துணைச் சாட்சி இல்லாமல் பிள்ளையின் வாக்குமூலத்தைக் கொண்டே நீதிமன்றம் குற்றத் தீர்ப்பு வழங்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. "சாட்சி யார் இருக்கிறார்கள்" என்று செயலவையில் ஒருவர் கேட்டால், அந்தக் கேள்வி அங்கே கேட்க வேண்டியதே அன்று என்று உங்கள் பொறுப்பாளர் நிமிர்ந்து பதில் சொல்லலாம்.

ஐயத்துக்கு இடம் உள்ளது இது: 2001ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம், அடி, உதை, பட்டினி, மனக்கொடுமை எல்லாவற்றையும் சேர்த்து, மருத்துவரும் குடும்பத்தாரும் பிள்ளைப் பராமரிப்பாளரும் சமூக நல இலாகாவுக்குத் தெரிவிப்பது கட்டாயம் என்கிறது. அங்கே பராமரிப்பாளர் என்பவர் ஊதியத்துக்காகப் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் என்று விளக்கப்பட்டிருக்கிறது. மாதக் கட்டணம் வாங்கும் மன்றத்தின் பயிற்றுநர் அதில் அடங்குவாரா, காசு வாங்காத நலப் பொறுப்பாளர் அடங்குவாரா என்பதில் இரண்டு விதமாகவும் வாதிடலாம். என் பரிந்துரை, அந்த வாதத்துக்குள் மன்றம் போகவே வேண்டாம் என்பது. சட்டம் கட்டாயப்படுத்துகிறதோ இல்லையோ, எங்கள் மன்றம் தெரிவிக்கும் என்று செயலவையில் தீர்மானம் எழுதிக் கூட்டக் குறிப்பில் ஏற்றிவிடுங்கள். அந்த ஒரு பத்தி உங்கள் பொறுப்பாளருக்குப் பத்து வகுப்புகளை விடத் துணையாக இருக்கும். நாளை யாராவது "உனக்கு எதற்கு இந்த வேலை" என்று கேட்டால், இது என் வேலை இல்லை, மன்றத்தின் முடிவு என்று அவர் காட்டலாம்.

எங்கே போவது என்பதையும் அவர் யோசித்து முடிவெடுக்க வேண்டிய நிலையில் விடக்கூடாது. ஓர் அட்டையில் எழுதிக் கொடுங்கள்: பிள்ளைக்கு உடனடி ஆபத்து என்றால் 999, எந்த நேரத்திலும் ஆலோசனைக்கும் புகாருக்கும் அரசாங்கத்தின் உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசிஹ் 15999, மாவட்டச் சமூக நல அலுவலகத்தின் எண், அருகிலுள்ள போலீஸ் நிலையத்தின் எண். புகாரை எந்தப் போலீஸ் நிலையத்திலும் கொடுக்கலாம். சொந்த ஊர் நிலையத்தில் தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்று கூசுபவர்கள் ஈப்போவுக்குப் போய்க்கூடக் கொடுக்கலாம். பிள்ளைகள் சம்பந்தப்பட்ட வழக்குகளைப் போலீசில் டி11 என்ற தனிப் பிரிவு பார்க்கிறது. அண்மையில் உடல்ரீதியாக ஏதேனும் நடந்திருந்தால், குளிக்க வைக்காமல், துணியைத் துவைக்காமல் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போக வேண்டும். தடயமும் சில மருந்துகளும் 72 மணி நேரத்துக்குள்தான் பெரிதும் பயன்படும். கிளினிக்கில் வேலை பார்த்தவருக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனால் மற்றச் செயலவை உறுப்பினர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிள்ளை சொல்வதை எப்படிக் கேட்பது என்பதில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்கிறேன். நான் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். இரண்டாம் படிவ மாணவன் ஒருவன் என் அறைக்கு வந்து, பள்ளிக்கு வெளியே அவன் போய்க்கொண்டிருந்த பயிற்சியில் நடந்த ஒன்றைச் சொன்னான். பதறிப்போய் நான் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். அவர் இப்படிச் செய்தாரா, அப்படிச் செய்தாரா என்று நானே சொற்களை எடுத்துக் கொடுத்தேன். பிறகு நிர்வாகத்தின் முன் ஒரு முறை, தகப்பனாரை வரவழைத்து அவர் முன் ஒரு முறை, அவனை மறுபடியும் சொல்ல வைத்தேன். அதிகாரிகளிடம் போனபோது அந்தப் பையன் நான்காவது முறையாகச் சொல்ல வேண்டியிருந்தது. அவன் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, ஒன்றும் இல்லை, நான் விளையாட்டுக்குச் சொன்னேன் என்றான். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அவன் வாயை அடைத்தது அந்தப் பயிற்றுநர் மட்டும் அல்லர், நானும்தான். இன்றைக்கு 2007ஆம் ஆண்டின் குழந்தைச் சாட்சிச் சட்டத்தின்படி, பயிற்சி பெற்ற அதிகாரி பிள்ளையிடம் பேசுவதைக் காணொளியாகப் பதிவு செய்து நீதிமன்றத்தில் பயன்படுத்த வழியிருக்கிறது. அந்த ஒரு பேச்சுக்கு அவனைச் சிதைக்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நம் வேலை.

ஆகவே உங்கள் பொறுப்பாளர் கற்க வேண்டியது மிகக் குறைவு, ஆனால் மாறாமல் செய்ய வேண்டியது. பிள்ளை பேசினால் நிறுத்தாமல் கேட்க வேண்டும். "என்ன நடந்தது, சொல்லுப்பா" என்பதற்கு மேல் கேள்வி வேண்டாம். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. "உதவி செய்யக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன், யாரிடம் என்று உனக்கு முதலில் சொல்வேன்" என்று சொல்லலாம். நீ சொன்னது சரி, தவறு உன்னுடையது அன்று என்று சொல்லலாம், சொல்ல வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு விசாரிக்கக் கூடாது. அது அவரை எச்சரிப்பதாக முடியும். பிள்ளை போன பிறகு, அன்றைக்கே, தைத்த தாள்கள் உள்ள ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், இடம் போட்டு, பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே எழுத வேண்டும். அவன் "அங்க தொட்டாரு" என்றால் அப்படியே எழுதவேண்டும்; அதை நாகரிகமாக மாற்றி எழுதினால் அது பொறுப்பாளருடைய வாக்கியமாகிவிடும். தம் ஊகத்தைத் தனியாக, ஊகம் என்று குறித்து எழுதலாம். அந்த நோட்டுக்குப் பூட்டுள்ள அலமாரி ஒன்றை மன்றம் வாங்கித் தர வேண்டும்.

புலனக் (வாட்ஸ்அப்) குழுவைப் பற்றி ஒரு சொல். சட்ட நடவடிக்கையில் சம்பந்தப்பட்ட சிறாரின் பெயர், படம், பள்ளி, முகவரி என அடையாளம் தெரியக்கூடிய எதையும் வெளியிடுவது குழந்தைகள் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி குற்றம். 10,000 ரிங்கிட் வரை அபராதமோ 5 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். நம் ஊரில் முதல் குரல் பதிவு பரவுவதற்கு அரை மணி நேரம் போதும், அதுவும் நல்லெண்ணத்தோடு, "மற்றப் பெற்றோர் ஜாக்கிரதை" என்று. பெயர் போடாமல் "மூன்றாவது புளோக்கில் இருக்கும் பையன்" என்றாலும் ஊருக்கே தெரிந்துவிடும். செயலவையில் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இதுவரை சொன்னவை பெரிய விஷயங்கள். ஆனால் இந்தப் பொறுப்பின் அன்றாடம் அதுவன்று; ஆண்டு முழுவதும் ஒரு புகாரும் வராமல் போகலாம். அன்றாடம் என்பது சின்னச் சின்ன விஷயங்கள்தான், அவற்றில்தான் உங்கள் பொறுப்பாளருக்கு மன்றத்தின் பலம் மிகுதியாகத் தேவை. பயிற்சி முடிந்து ஏழரை மணிக்கு, பெற்றோர் வராத ஒரு பிள்ளையைப் பயிற்றுநர் தம் காரில் தனியாக ஏற்றிக்கொண்டு போகிறார். தெற்கில் நடக்கும் எழுவர் காற்பந்துப் போட்டிக்குப் போய்ப் பள்ளி மண்டபத்தில் பாய் விரித்துப் படுக்கும்போது, யார் எங்கே படுப்பது என்று யாரும் சொல்வதில்லை. சிலம்பத்தில் நிலை திருத்துவதற்காக ஆசான் கையையும் இடுப்பையும் பிடித்துத் திருப்புகிறார். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு இரவு பதினொன்றுக்கு "இன்று நன்றாக ஆடினாய்" என்று தனிச் செய்தி போகிறது. ஒரு பையனுக்கு மட்டும் புது பூட்ஸ், கைப்பேசிக்கு டாப்-அப், பயிற்சிக்குப் பிறகு மைலோவும் ரொட்டி சானாயும். இவற்றில் எதுவும் குற்றம் அன்று. எல்லாம் அன்பாகவும் இருக்கலாம். ஆனால் தவறான எண்ணமுள்ளவர் உள்ளே வரும் வழிகளும் இவைதாம்.

இவற்றைப் பற்றிப் பொறுப்பாளர் தனி மனிதராகப் பேசினால், "என்னைச் சந்தேகப்படுகிறாயா" என்ற சண்டையில்தான் முடியும். மன்றம் விதியாகப் போட்டுவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. காரில் ஒரு பிள்ளையை மட்டும் ஏற்றக் கூடாது, இன்னொரு பெரியவரோ இரண்டு மூன்று பிள்ளைகளோ சேர்ந்திருக்க வேண்டும். வேறு வழியில்லாத அன்று பெற்றோருக்கும் பொறுப்பாளருக்கும் புறப்படும் முன் செய்தி போக வேண்டும். பிள்ளைகளுக்கான செய்தி எல்லாம் பெற்றோரும் உள்ள குழுவில்தான் போகும். வெளியூர் என்றால் ஆண் ஒருவர், பெண் ஒருவர் கட்டாயம் உடன் போக வேண்டும், பெரியவர்கள் பிள்ளைகளிலிருந்து தள்ளித் தனியாகப் படுக்க வேண்டும். நிலை திருத்தத் தொடுவதானால் எல்லார் கண் முன்னும், சொல்லிவிட்டு. பரிசோ காலணியோ கொடுப்பதானால் மன்றத்தின் வழியாக. நல்ல பயிற்றுநருக்கு இந்த விதிகள்தாம் முதல் பாதுகாப்பு. அவர் மேல் வீண்பழி விழாமல் காப்பதும் இவைதாம். நான் பார்த்தவரை, இதை அப்படி விளக்கினால் பத்தில் ஒன்பது பயிற்றுநர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். ஏற்காமல் கோபப்படுபவர் கெட்டவர் என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் விதி மீறப்படும் ஒவ்வொரு முறையும் நோட்டில் ஒரு வரி ஏற வேண்டும். ஒரு வரிக்குப் பொருள் இல்லை. ஆறு மாதத்தில் ஒரே பெயர் ஐந்து முறை வந்தால் பொருள் உண்டு. இடி மின்னல் வரும்போது திடலை விட்டு இறங்குவதும், கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழித்தே திரும்புவதும்கூட இதே நோட்டில் சேரட்டும். பிள்ளைகள் நலம் என்றால் பாலியல் மட்டும் என்ற எண்ணம் ஏற்பட்டுவிட்டால், பொறுப்பாளர் திடலுக்கு வரும்போதே எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அறிகுறிகளைப் பற்றிக் கேட்பீர்கள். அமைதியாகிவிடுவது, பயிற்சிக்கு வர மறுப்பது, ஒரு குறிப்பிட்டவரைக் கண்டால் ஒதுங்குவது, காரணமில்லாமல் கையில் பணமும் பொருளும் இருப்பது என்று எல்லா வகுப்பிலும் ஒரு பட்டியல் தருவார்கள். பட்டியல் தவறில்லை. ஆனால் இவை எல்லாம் வீட்டுச் சண்டையாலும், தேர்வு பயத்தாலும், வெறும் வயதாலும் வரும்; ஒன்றுமே வெளியே தெரியாமல் துன்பப்பட்ட பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன். அறிகுறியைக் கண்டால் பக்கத்தில் போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான். அதைக் கொண்டு யாரையும் குற்றவாளியாக்க முடியாது. புதிய பயிற்றுநரைச் சேர்க்கும் முன் செய்யும் சோதனையும் அப்படியே. சிறாருக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர்களின் பதிவேடு சமூக நல இலாகாவிடம் இருக்கிறது; மாவட்ட அலுவலகத்தில் கேட்டு அந்தச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். ஆனால் அதில் இருப்பவர்கள் பிடிபட்டவர்கள் மட்டுமே. பெயர் இல்லை என்பது நற்சான்றிதழ் அன்று; முன்பு பயிற்சி தந்த மன்றத்துக்கு நேரில் போய், "உங்கள் பிள்ளைகளோடு மறுபடியும் இவரை விடுவீர்களா" என்று கேட்பதில் எனக்கு அதைவிட அதிகம் தெரிய வந்திருக்கிறது.

சரி, அந்த அக்காவுக்கு மன்றம் என்ன செய்ய வேண்டும்? முதலில் ஒரு பக்க நியமனக் கடிதம்: அவருடைய வேலை கேட்பது, எழுதுவது, தெரிவிப்பது மட்டுமே; விசாரிப்பதும் தீர்ப்புச் சொல்வதும் அல்ல. அவர் தெரிவிக்கத் தலைவரின் அனுமதி தேவையில்லை. தலைவருக்குத் தகவல் சொல்வார், அனுமதி கேட்க மாட்டார். இந்த ஒரு வாக்கியம் கடிதத்தில் இல்லாவிட்டால் மற்ற எதற்கும் பயனில்லை. அடுத்து, ஒரு துணைப் பொறுப்பாளர், ஆணாக இருந்தால் நல்லது, ஏனென்றால் சிலவற்றைப் பையன்கள் ஓர் அக்காவிடம் சொல்ல மாட்டார்கள். இருவரில் எவரும் பயிற்றுநர்களுக்கோ தலைவருக்கோ நெருங்கிய உறவாக இருக்கக் கூடாது. சிறிய ஊரில் அது முடியாது என்பீர்கள். முடியாவிட்டால் ஒருவரை மன்றத்துக்கு வெளியிலிருந்து எடுங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர், ஓய்வு பெற்ற தாதி, பக்கத்து ஊர் மன்றத்தின் பொறுப்பாளர். இரண்டு ஊர்ப் பொறுப்பாளர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்பது எங்கள் பக்கத்தில் நன்றாகவே நடந்திருக்கிறது. நம் ஊர்ப் பயிற்றுநர் அவர்களுக்கு மைத்துனர் இல்லை அல்லவா.

பிறகு, அவர் இறக்கி வைக்க ஓர் இடம். இதைத்தான் மன்றங்கள் முற்றாக மறந்துவிடுகின்றன. ஒரு பிள்ளை சொன்னதைக் கேட்டுவிட்டு இரவு வீட்டுக்குப் போய், கணவரிடமும் சொல்ல முடியாமல், மறுநாள் சந்தையில் அந்தப் பயிற்றுநரின் தாயாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டிய நிலை அவருக்கு. பக்கத்து இடைநிலைப்பள்ளியின் ஆலோசக ஆசிரியரோடு, பிள்ளையின் பெயர் சொல்லாமல், மாதம் ஒரு முறை அரை மணி நேரம் பேச ஏற்பாடு செய்யுங்கள். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். செயலவைக் கூட்டத்தில் பிள்ளைகள் நலம் முதல் அங்கமாக வரட்டும். கடைசியில் வைத்தால் பொங்கல் கிண்ணப் போட்டியின் வரவுசெலவு பேசி முடித்ததும் எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள். அவருடைய தொலைபேசிச் செலவையும் பெட்ரோலையும் மன்றம் கொடுக்கட்டும். இரண்டு ஆண்டு என்று தவணை வையுங்கள். முடிவு தெரியாத சுமையை எவரும் விருப்பத்தோடு தூக்க மாட்டார்கள்.

மேலும், புகார் ஒன்று வெளிவரும் நாளில் ஊர் அவர் மேல் திரும்பும். "ஒரு நல்ல பையனின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டாள்" என்ற பேச்சு கோயில் வாசலில் கேட்கும். அன்றைக்குத் தலைவரும் நீங்களும் அவர் வீட்டுக்குப் போய் நிற்க வேண்டும், ஊர் பார்க்க. புகாருக்குள்ளான பயிற்றுநரை விசாரணை முடியும் வரை விலக்கி வைக்கும் முடிவும் செயலவையின் பெயரில், தலைவரின் கையெழுத்தோடு போக வேண்டும். அது தண்டனை அல்ல, இரு தரப்புக்கும் பாதுகாப்பு என்பதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள். பயிற்றுநருக்கும் குடும்பம் இருக்கிறது. விசாரணை முடியாத ஒருவரைக் குற்றவாளி என்று மன்றம் எங்கும் சொல்லக் கூடாது.

நீங்கள் கேட்ட வகுப்பைப் பற்றி: பெட்டாலிங் ஜெயாவில் 1999 முதல் இயங்கும் பிஎஸ் தி சில்ட்ரன் அமைப்பு பிள்ளைகளோடு பணிபுரிவோருக்குப் பயிற்சி தருகிறது, வடக்கில் பினாங்கு மகளிர் மாற்ற மையத்தையும் அணுகலாம். இளைஞர், விளையாட்டுத் துறை அமைச்சின் பாதுகாப்பான விளையாட்டு நடத்தை நெறியையும் வாங்கிப் படியுங்கள். ஆனால் அந்த அக்காவைத் தனியாக அனுப்பாதீர்கள். தலைவரும் ஒரு பயிற்றுநரும் உடன் போகட்டும். திரும்பி வரும் வழியில் காரில் அவர்கள் மூவரும் பேசிக்கொள்வது வகுப்பில் கேட்டதற்குச் சமமாக இருக்கும்.

அவர் விலகுவதானால் விலகட்டும், கட்டாயப்படுத்த வேண்டாம். ஆனால் அந்தத் தாய் சொன்னது விலகல் கடிதத்தோடு மறைந்துவிடக் கூடாது. அது என்ன என்பதை நீங்கள் எழுதவில்லை, நான் ஊகிக்கவும் மாட்டேன். இன்று மாலையே அந்த அக்காவைப் போய்ப் பாருங்கள். நடந்ததை நினைவிலிருந்து, எழுதும் இன்றைய தேதியைப் போட்டே, அவர் எழுதட்டும்: தாய் சொன்ன சொற்கள், என்றைக்கு, தலைவரிடம் சொன்னது என்றைக்கு. அதில் பாலியல் சம்பந்தமான சாயல் ஏதேனும் இருந்தால் தலைவரின் பதிலுக்குக் காத்திராமல் நீங்கள் இருவரும் சேர்ந்து போலீஸ் நிலையத்துக்குப் போங்கள். பாலியல் சம்பந்தமானதா இல்லையா என்று தெரியாவிட்டால் 15999ஐ அழைத்துக் கேளுங்கள். அடித்தது, திட்டியது, தனியாகக் காரில் ஏற்றியது என்ற அளவில் இருந்தால் இந்த வாரத்துக்குள் செயலவையைக் கூட்டுங்கள். பிள்ளைக்குக் காயமோ தொடர்ந்த அச்சமோ இருந்தால் அதுவும் சமூக நல இலாகாவுக்குப் போக வேண்டியதுதான். பிறகு அந்தத் தாயிடம், அவர் சொன்னதை மன்றம் எடுத்துக்கொண்டுவிட்டது என்று அந்த அக்காவே போய்ச் சொல்லட்டும், நீங்கள் உடன் நில்லுங்கள். அதன் பிறகு, பொறுப்பில் நீடிக்கிறீர்களா என்று அவரைக் கேளுங்கள்.